பிரசங்க பீடமும் பள்ளி அறையும்: லான்ட் கார்ப்பென்டரின் வாழ்க்கை வரலாறும் கடிதங்களும்

போதகர் ஒருவர் மறைந்தபின் அவருடைய மகனே அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கடிதங்களையும் தொகுத்து வெளியிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெருவழக்காய் இருந்தது. அத்தகைய நூல்களுள் பெரும்பாலானவை இன்று நூலகங்களின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கின்றன. அவை அவ்வாறு கிடப்பதால் திருச்சபைக்குப் பெரிய இழப்பு நேர்ந்துவிட்டதாகவும் நாம் கருதவில்லை. ஆயினும் 1842-ஆம் ஆண்டில் ரசல் லான்ட் கார்ப்பென்டர் தம் தந்தையாராகிய பிரிஸ்டல் போதகர் லான்ட் கார்ப்பென்டரைக் குறித்து வெளியிட்ட வரலாறும் கடிதத் தொகுப்பும் கீழே இறக்கிப் படிக்கத்தக்கவை. தொகுத்தவரின் நோக்கத்துக்குச் சற்று மாறாகப் படிக்கத்தக்கவை என்றும் கூறுவோம்.

கார்ப்பென்டர் ஒரு யூனிட்டேரியன். இயேசு மேசியா, கடவுளால் அனுப்பப்பட்டவர், மரித்தோரிலிருந்து எழுப்பப்பட்டவர் என்று விசுவாசித்தார். ஆனால் பிதாவுக்குச் சமமானவர் என்று அறிக்கையிட மறுத்தார். நிசேயா விசுவாசப்பிரமாணத்தைச் சபையாரோடு நின்று சொல்லும் நமக்கும் அவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியதன்று. அதை மழுப்பிக்கொண்டு எழுத நாம் விரும்பவில்லை. எனினும் ஒருவருக்கு ‘ஆரியஸின் வழிவந்தவர்’ என்று பெயர் சூட்டிவிட்டால் பின்பு அவருடைய நூலைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை என்னும் ஒரு வழக்கம் நம்மிடையே உண்டு. தேர்வு விடைத்தாள்களில் அதைக் காண்கிறோம். சில பிரசங்கங்களிலும் கேட்கிறோம். இது கோட்பாட்டுத் தூய்மையன்று, சோம்பலே ஆகும்.

அவர் 1780-இல் கம்பளத் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிட்டர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையின் தொழில் நொடித்துப்போகவே, தாயாரின் உறவினரான நிக்கலஸ் பியர்சால் என்னும் செல்வர் சிறுவனை ஏற்று வளர்த்து, ஊழியத்துக்கென்றே படிக்க வைத்தார். நார்தாம்ப்டனில் இருந்த இறையியல் பள்ளியில் 1797-இல் சேர்ந்தார். மறு ஆண்டே அப்பள்ளி மூடப்பட்டது. அங்கே கற்பித்தவை வைதிகக் கொள்கைக்கு ஒத்தவையல்ல என்று அதை நடத்திய அறக்கட்டளையினர் கருதியதே காரணம். ஆக்ஸ்ஃபர்டும் கேம்பிரிட்ஜும் ஆங்கிலத் திருச்சபையின் பிரமாணங்களுக்குக் கையொப்பமிடாதவர்க்குப் பட்டம் தராத காலம் அது. ஆகவே அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்பு பர்மிங்காம் அருகே ஒரு பள்ளியில் துணையாசிரியர், லிவர்பூல் அதீனியத்தில் நூலகர் என்று சில ஆண்டுகள் கழிந்தன. 1805-இல் எக்ஸிட்டர் நகரின் ஜார்ஜஸ் மீட்டிங் சபை அவரை அழைத்தது. அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் நாளன்றே அன்னா பென் அம்மையாரை மணந்தார்.

எக்ஸிட்டர் சாதாரண ஊரன்று. திரித்துவக் கோட்பாட்டைக் குறித்து 1719-இல் ஜேம்ஸ் பியர்ஸ் என்னும் போதகரைச் சபையை விட்டு விலக்கிய பெரும் பூசல் அங்கேதான் வெடித்தது. அதன் எதிரொலி இலண்டன் வரை சென்று, மாற்றுச்சபைப் போதகர்களையே இரண்டாகப் பிரித்தது. கார்ப்பென்டர் அங்கே ஊழியம் தொடங்கிய 1805-இலும் திரித்துவத்தை மறுப்பது ஆங்கிலச் சட்டப்படி தண்டனைக்குரியதாகவே இருந்தது. அச்சட்டம் நெடுங்காலம் எவர்மேலும் செலுத்தப்படாமல் கிடந்தது என்பது உண்மையே. எனினும் அது நீக்கப்பட்டது 1813-இல்தான். ஆகவே அவருடைய தர்க்க நூல்களின் தொனியைப் படிக்கும்போது, எழுதுபவர் சட்டத்தின் நிழலில் நின்று எழுதுகிறார் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். யூனிட்டேரியன் கொள்கையே நற்செய்தியின் கொள்கை என்று வாதிட்டு 1809-இல் ஒரு நூல் எழுதினார். பேராயர் மகீயின் குற்றச்சாட்டுகளுக்கு 1820-இல் நீண்ட மறுப்பு எழுதினார். பொறுமை, நேர்மை, ஒவ்வொரு வசனத்தையும் கிரேக்க மூலத்தில் சோதிக்கும் உழைப்பு ஆகிய அனைத்தும் அவற்றில் உண்டு. ஆயினும் அவை இறந்த நூல்களே. எதிராளியின் வாக்கியத்தை எடுத்து, அதில் உள்ள பிழையைச் சுட்டி, அடுத்த வாக்கியத்துக்குச் செல்லும் முறையில் எழுதப்பட்ட நூல், அந்த எதிராளி மறைந்தவுடன் தானும் மறைந்துவிடுகிறது. மகீயை இன்று படிப்பார் யார்? எனவே கார்ப்பென்டரின் மறுப்பையும் படிப்பாரில்லை. நற்செய்திகளை ஒழுங்குபடுத்தி அவர் 1835-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய நூல் இவற்றினும் மேலானது. இயேசுவின் ஊழியம் எவ்வளவு காலம் நீடித்தது என்னும் கேள்வியை அதில் அவர் எடுத்துக்கொண்ட அக்கறை இன்றும் மதிக்கத்தக்கது. எனினும் மூல ஆதார ஆராய்ச்சி வளர்ந்தபின் அந்நூலும் பழையதாகிவிட்டது.

இவற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டால் கார்ப்பென்டர் இரண்டாம் வரிசைத் தர்க்கவாதி, அதற்குமேல் இல்லை. மகன் ரசல் தாமும் யூனிட்டேரியன் போதகரே. தந்தை மறைந்து இரண்டே ஆண்டுகளில், சபையாரும் உடன்பிறந்தோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் இவ்வரலாற்றை வெளியிட்டார். தந்தையை ஒரு போதகராக, தம் கூட்டத்தாருக்காகப் போராடிய வீரராக நிறுத்தவேண்டும் என்பது அவர் விருப்பம். அது இயல்பே, நம் சபைகளில் வெளிவரும் நினைவு மலர்களைப் புரட்டியவர்க்கு இது புதிதாகவும் தோன்றாது. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் அடங்காத ஒருவர் இத்தொகுப்பினூடே வெளியே வருகிறார். அவர் பள்ளி ஆசிரியர்.

1817-இல் பிரிஸ்டல் நகரின் லூயின்ஸ் மீட் சபைக்குக் கார்ப்பென்டர் மாறினார். அவருக்கு முன் அங்கே ஊழியம் செய்த ஜான் பிரையர் எஸ்ட்லினும் பள்ளி நடத்தியவரே. கவிஞர் கோல்ரிட்ஜின் நண்பர். போதகர் பள்ளி நடத்துவது அந்நாளில் மாற்றுச்சபைகளில் வழக்கமாக இருந்தது. ஊதியம் குடும்பத்துக்குப் போதாது என்பது ஒரு காரணம். பல்கலைக்கழக வாயில் அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி வேறெங்கும் கிடைக்காது என்பது மற்றொரு காரணம். நம் நாட்டுக் கிராமங்களில் உபதேசியாரே வாத்தியாராகவும் இருந்த காலத்தை அறிந்த நமக்கு இவ்விரட்டைப் பணியை விளக்கத் தேவையில்லை. கார்ப்பென்டர் சில பையன்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துக் கற்பித்தார். கிரேக்கம், இலத்தீன் இவற்றோடு கணிதமும் இயற்கை அறிவியலும் இடம்பெற்றன. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலேயே பயின்றார்கள். அவருடைய மகள் மேரியும் பையன்களோடு சேர்ந்து அதே பாடங்களைக் கற்றாள். அக்காலத்தில் பெண்பிள்ளை ஒருத்திக்குக் கிரேக்கம் கற்பிப்பது எத்துணை அரிது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவருடைய கல்விக் கொள்கை டேவிட் ஹார்ட்லியின் உளவியலிலிருந்து பிறந்தது. பிரீஸ்ட்லியின் வழியாக யூனிட்டேரியன்களிடையே பரவியது. மனிதனின் எண்ணங்களும் உணர்ச்சிகளும் ஒன்றோடொன்று இணைந்து இணைந்தே குணமாகின்றன. குழந்தைப் பருவத்தில் எது எதோடு இணைக்கப்படுகிறதோ அது வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்பது அதன் சாரம். இக்கொள்கையை முழுமையாக நம்பும் ஆசிரியருக்கு எந்த நொடியும் அற்பமானதாய் இராது. வகுப்பில் ஒரு கடுஞ்சொல், உணவு மேசையில் ஓர் அலட்சியம் ஆகியவையும் மாணவனின் ஆத்துமாவில் கல்வெட்டாகிவிடும் என்னும் அச்சம் அவரை விடாது. கார்ப்பென்டரின் சிறப்பும் துன்பமும் இங்கேதான் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன என்பது நம் கருத்து. 1820-இல் அவர் வெளியிட்ட கல்விக் கோட்பாடுகள் பற்றிய நூல் அறிவு, ஒழுக்கம், உடல் ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்கவேண்டும் என்று கூறுகிறது. இன்று இது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் செய்தியே. ஆனால் அவர் அதை ஒரு நாளும் தவறாமல் செயற்படுத்த முயன்றார்.

அவருடைய மாணவருள் தலையாயவர் ஜேம்ஸ் மார்ட்டினோ. பிற்காலத்தில் யூனிட்டேரியன் இறையியலாளருள் முதன்மை பெற்றவர். அறவியலில் அவர் எழுதிய நூல்களைத் திரித்துவ விசுவாசிகளும் படிக்கின்றனர். 1819-இல் தம் பதினான்காம் வயதில் அவர் கார்ப்பென்டரிடம் வந்தார். ஆசிரியர் மறைந்தபின் ரசலின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய நினைவுக் கடிதம் இத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நூலின் மணிமுடி அதுவே. அந்தப் பள்ளிக் காலமே தம்முடைய இன்றைய வாழ்வின் தொடக்கமாகத் தமக்குத் தோன்றுகிறது என்று அவர் கூறுகிறார். இது வெறும் உபசார வார்த்தையன்று. ஏனெனில் அதை எழுதும் காலத்திலேயே மார்ட்டினோ தம் ஆசிரியரின் தத்துவத்தை விட்டு விலகத் தொடங்கியிருந்தார். மனிதனின் செயல்கள் அனைத்தும் முன்காரணங்களால் நிர்ணயிக்கப்பட்டவை என்னும் பிரீஸ்ட்லியின் கொள்கையைத் தள்ளி, மனச்சாட்சியின் சுதந்திரத்தைத் தம் அறவியலுக்கு அடித்தளமாக்கினார். ஆசிரியர் கட்டிய வீட்டின் அடிக்கல்லையே பெயர்த்த மாணவர், அந்த ஆசிரியரே தம்மை உருவாக்கியவர் என்று சாட்சி பகர்கிறார். கோட்பாட்டைக் கையளிப்பதும் ஆளை உருவாக்குவதும் வெவ்வேறு செயல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எதிர்ச் சான்றை மறைப்பது விமரிசனமாகாது. அதே பள்ளியில் படித்த வில்லியம் ராத்போன் கிரெக், 1851-இல் கிறிஸ்தவ உலகின் விசுவாசத்தை ஆராய்ந்து எழுதிய நூலில், தம் ஆசிரியர் பற்றிக்கொண்டிருந்தவற்றுள்ளும் பலவற்றைக் கைவிட்டுவிட்டார். அதைவிடக் கடுமையான சாட்சி ஜேம்ஸின் தமக்கை ஹாரியட் மார்ட்டினோவிடமிருந்து வருகிறது. தம் பதினாறாம் வயதில் பிரிஸ்டலில் அத்தையின் வீட்டில் தங்கியிருந்தபோது அவர் கார்ப்பென்டரின் சீடரானார். தம்பியை அங்கே அனுப்பும்படி தூண்டியவரும் அவரே. ஆனால் 1855-இல் எழுதி, தம் மறைவுக்குப்பின் 1877-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அந்த ஆசிரியரைத் தோலுரிக்கிறார். அறிவில் ஆழமற்றவர், திறமையில் குறைந்தவர், நோக்கில் குறுகியவர், முற்றிலும் குருத்துவ மனப்பான்மை கொண்டவர், இளையோரின் வழிபாட்டால் கெட்டுப்போகும் வகையைச் சேர்ந்த போதகர் என்பவை அவர் அடுக்கும் குற்றங்கள்.

இவ்விரு சாட்சிகளுள் எதை ஏற்பது? ஹாரியட் அதற்குள் கிறிஸ்தவ விசுவாசத்தையே துறந்துவிட்டார். 1851-இல் அவர் கூட்டாக வெளியிட்ட நூலைத் தம்பி ஜேம்ஸ் இரக்கமின்றி விமரிசித்தபின் இருவருக்கும் இடையே ஏற்பட்ட பிளவு ஆறவே இல்லை. ஆகவே அவருடைய சொல்லைப் பகைமையின் சொல் என்று ஒதுக்கிவிடலாம் அன்றோ என்று சிலர் கேட்பர். நாம் அவ்வாறு ஒதுக்க ஒப்பவில்லை. வழிபடப்படும் போதகன் அந்த வழிபாட்டால் கெடுகிறான் என்று அவர் சொன்னது ஊழியத்தில் இருக்கும் எவரையும் சுடவேண்டிய சொல். பருவ வயதுப் பிள்ளைகளின் மனச்சாட்சியை ஓயாமல் கிளறிவிடும் ஆசிரியர் அவர்களுக்கு நன்மையோடு தீமையும் செய்யக்கூடும். அந்நாட்களில் தமக்கு ஏற்பட்ட பக்தி மிகையை ஹாரியட் அறிந்தே எழுதுகிறார். அறிவில் ஆழமற்றவர் என்னும் தீர்ப்பிலும் ஓரளவு உண்மை உண்டு; பல துறைகளில் கைவைத்தவர் எதிலும் முதன்மை பெறவில்லை. ஆனால் ஹாரியட் அளந்த கோல் தவறானது. ஓர் ஆசிரியரை அவருடைய சொந்த அறிவின் ஆழத்தால் மட்டுமே அளக்கிறார் அவர். தம்முள் ஆழமில்லாத இடத்தில் மாணவன் ஆழம் காணும்படி செய்ய ஒருவரால் இயலும் என்பதை அவருடைய தம்பியே மெய்ப்பிக்கிறார்.

இனி, நூலின் மிகத் துயரமான பகுதிக்கு வருவோம். 1826 முதல் கார்ப்பென்டரின் உடலும் உள்ளமும் தளர்ந்தன. இன்று மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் அழைப்பதே அது. பிரசங்கிக்கவும் கற்பிக்கவும் இயலாதவராய், ஊழியத்தை நிறுத்திவிட்டு, நலம் தேடிப் பயணங்கள் மேற்கொண்டார். ஏறத்தாழ ஓராண்டு பள்ளியைத் தாங்கியவர் அவருடைய பழைய மாணவரான இளம் மார்ட்டினோ. 1829-இல் ஊழியத்துக்குத் திரும்பினாரெனினும் பையன்களின் பள்ளியை மறுபடி எடுக்கவில்லை. அவருடைய மனைவியும் புதல்வியரும் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிக் குடும்பத்தைத் தாங்கினர். இந்த இடத்தில் மகனின் எழுதுகோல் தயங்குகிறது. அத்தயக்கத்தைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆனால் வைதிகத் தரப்பிலிருந்து எளிதாக எழக்கூடிய ஒரு விளக்கத்தை நாம் மறுத்தாகவேண்டும். ‘கிருபையின் சுவிசேஷத்தை விட்டுக் கடமையின் மதத்தைப் பிடித்தவருக்கு வேறென்ன முடிவு? சிலுவையின் பரிகாரத்தை மறுத்தவருக்கு இருளில் ஆறுதல் எங்கே?’ என்று கேட்பது எளிது. ஒரு காலத்தில் நாமும் அவ்வாறே கேட்டிருப்போம். ஆனால் வில்லியம் கூப்பரை நினைவுகூருவோம். 1800-இல் மறைந்த அக்கவிஞர் ஜான் நியூட்டனின் தோழர். பரிகாரப் பலியைப் பாடிய சுவிசேஷப் பாடல்களுக்கு ஆசிரியர். திரித்துவ விசுவாசத்தில் அசையாதவர். அவரும் தாம் கடவுளால் தள்ளப்பட்டவர் என்னும் எண்ணத்திலேயே தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். கூப்பரின் நோயைக் கொண்டு கிருபையின் கோட்பாட்டை நாம் தள்ளாவிடில், கார்ப்பென்டரின் நோயைக் கொண்டு அவருடைய கோட்பாட்டைத் தள்ளுவதும் நியாயமன்று. அவருடைய இறையியலை மறுக்க நமக்குத் திருமறையிலும் திருச்சபையின் வழிபாட்டிலும் போதிய ஆதாரம் உண்டு. நோயாளியின் படுக்கையருகே நின்று ஆதாரம் தேடவேண்டிய வறுமை நமக்கு இல்லை. அவர் விஷயத்தில் நாம் காணத்தக்கது வேறொன்று: இரண்டு முழுநேரப் பணிகளை ஒரே தோளில் ஏற்றி, ஒவ்வொரு நொடிக்கும் கணக்குக் கேட்கும் மனச்சாட்சியோடு, ஓய்வின்றி உழைத்த ஒரு மனிதர். அவருடைய சபையார் அவரை நேசித்தனர். ஆனால் அவர் உடைந்து விழும்வரை அச்சுமையை அவர்கள் குறைக்கவில்லை.

நம் நாட்டோடு அவரைப் பிணைக்கும் நிகழ்ச்சி 1833-இல் நேர்ந்தது. ராஜா ராம்மோகன் ராய் அவ்வாண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் பிரிஸ்டல் அருகே ஸ்டேபிள்டன் குரோவ் என்னும் இல்லத்துக்கு வந்தார். அவ்வில்லத்துக்கு உரியவளாகிய இளம்பெண்ணுக்குக் கார்ப்பென்டர் பாதுகாவலராக இருந்தார். ராஜா லூயின்ஸ் மீட் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையிலும் கலந்துகொண்டார். ஆனால் சில நாட்களிலேயே காய்ச்சல் கண்டு, 27-ஆம் தேதி உயிர் நீத்தார். தம்மைக் கிறிஸ்தவ இடுகாட்டில் அடக்கம் செய்தால் புதல்வரின் சாதியுரிமைக்கும் சொத்துரிமைக்கும் இடையூறு நேரும் என்பதால், அவர் விருப்பப்படியே அந்த இல்லத்தின் தோட்டத்தில் மௌனமாக அடக்கம் செய்தார்கள். மரிக்கும்போதும் அவர் மார்பில் பூணூல் இருந்தது. கார்ப்பென்டர் நினைவுப் பிரசங்கம் செய்து, ராஜாவின் உழைப்பையும் கருத்துகளையும் குணத்தையும் குறித்து அவ்வாண்டே ஒரு நூலும் வெளியிட்டார்.

இந்நூலைத்தான் இந்திய வாசகர் மிகக் கவனமாகப் படிக்கவேண்டும். ராஜாவின்மேல் கார்ப்பென்டர் கொண்டிருந்த மதிப்பு உண்மையானது. அக்காலத்து ஆங்கிலேயர் பலர் இந்தியரைப் பார்த்த இளக்காரம் அதில் இல்லை. ஆயினும் ராஜா எந்த மதத்தவர் என்னும் கேள்வியை அவரால் திறந்து விட்டுவைக்க இயலவில்லை. ஸ்டேபிள்டன் குரோவில் நடந்த ஓர் உரையாடலில், பாப்டிஸ்ட் கட்டுரையாசிரியர் ஜான் ஃபாஸ்டர் உள்ளிட்டோர் முன்னிலையில், கிறிஸ்துவின் தெய்வீக அனுப்புதலைத் தாம் விசுவாசிப்பதாக ராஜா கூறினார் என்று சாட்சிகளோடு பதிவு செய்கிறார். அச்சாட்சியை நாம் ஐயுறவில்லை. 1820-இல் இயேசுவின் போதனைகளைத் தொகுத்து வெளியிட்டு, அதற்காகச் செராம்பூர் மிஷனரி மார்ஷ்மனோடு ஆண்டுக்கணக்கில் வாதிட்டவர் அவ்வாறு கூறியது வியப்புமன்று. ஆனால் அவரே 1828-இல் பிரம்ம சபையை நிறுவியவர், உபநிடதங்களை மொழிபெயர்த்தவர், பூணூலைக் கழற்றாதவர். இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று ராஜா கருதியிருக்கக்கூடும். கார்ப்பென்டருக்கோ அவ்வாறு கருத இயலவில்லை. தம் சபைக்குரியவர் என்று நிரூபிக்கவேண்டியிருந்தது. ஆதாரத்துக்கு அப்பால் செல்லாதே என்று வைதிகருக்கு வாழ்நாளெல்லாம் போதித்தவர், தமக்கு மிக விருப்பமான ஒரு முடிவைக் கண்டபோது தாமே ஆதாரத்துக்கு அப்பால் சென்றார். அவர் செய்தது அவருக்கே உரிய தவறன்று. மிஷன் அறிக்கைகளில் மரணப் படுக்கை மனமாற்றங்களைப் படித்திருக்கும் நாம் இதை நன்கு அறிவோம்.

இங்கே சென்னையையும் சற்று நினைக்கலாம். கல்கத்தாவில் ராஜா வாதிடுவதற்கு முன்னரே, வில்லியம் ராபர்ட்ஸ் என்னும் பெயர் பூண்ட தமிழர் ஒருவர் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் சபையைக் கூட்டி நடத்திவந்தார்; இலண்டனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1818-இல் அச்சாயின. நம் மாணவர் எவரேனும் அவற்றை ஆராயப் புகுந்தால் மகிழ்வோம். படித்த ராஜா ஒருவரின் வாயிலிருந்து வரும் விசுவாச அறிக்கையை ஆங்கில யூனிட்டேரியன் உலகம் ஆவலோடு காத்திருந்து கேட்டது. அந்த எளிய தமிழருக்கு அதே செவி கிடைக்கவில்லை.

அதே 1833-இல் பிரிஸ்டலுக்கு வந்த மற்றொரு விருந்தினர் பாஸ்டனைச் சேர்ந்த ஜோசப் டக்கர்மன். ஏழைகளின் வீடுகளையே தம் திருச்சபையாகக் கொண்ட போதகர் அவர். ஒருநாள் மேரி கார்ப்பென்டரோடு அவர் நடந்து செல்கையில் கந்தை உடுத்த சிறுவன் ஒருவன் குறுக்கே ஓடினான். அந்தப் பிள்ளையை வீடுவரை பின்தொடர்ந்து சென்று கவனிக்கவேண்டும் என்று அவர் கூறினாராம். அச்சொல் மேரியை விடவில்லை. லூயின்ஸ் மீட் ஆலயத்தில் செல்வந்தரான வணிகர் குடும்பங்கள் வழிபட்டன. ஆலயத்தைச் சுற்றியோ நெருக்கமான ஏழைச் சந்துகள் இருந்தன. 1846-இல் மேரி அங்கேயே கந்தல் பிள்ளைகளுக்கான பள்ளியைத் திறந்தார். 1852-இல் கிங்ஸ்வுட்டிலும் 1854-இல் ரெட் லாட்ஜிலும் சீர்திருத்தப் பள்ளிகளை ஏற்படுத்தினார். குற்றம் செய்த சிறுவரைச் சிறைக்கு மாறாகப் பள்ளிக்கு அனுப்ப வழிவகுத்த 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னால் அவருடைய எழுத்தும் உழைப்பும் உண்டு. 1866-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னையையும் பார்த்து, பெண் கல்விக்கு ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கவேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்தினார்.

தந்தையிடம் பையன்களோடு அமர்ந்து கிரேக்கம் படித்த பெண் இவர். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளத்திலும் எது எதோடு இணைகிறது என்பதில்தான் அதன் வாழ்வு அடங்கியிருக்கிறது என்னும் அந்தப் பழைய ஹார்ட்லியின் கொள்கை, செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து தெருப்பிள்ளைகளிடம் இறங்கியது மேரியின் கையால். லான்ட் கார்ப்பென்டர் அதை அந்த எல்லைவரை கொண்டுசென்றாரல்லர். அவருடைய பள்ளி கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் பள்ளி. இதை மறைக்கவேண்டியதில்லை.

குழந்தை ஞானஸ்நானத்தை அவர் மூடநம்பிக்கை என்று கருதி, அதற்குப் பதிலாகக் குழந்தையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் ஓர் ஆராதனை முறையை அமைத்துக்கொண்டார். நமக்கு இதில் உடன்பாடில்லை. எனினும் ஒரு குழந்தையைக் கடவுளுக்கு முன் ஏந்தி நிற்பதற்கு வழிபாட்டு வடிவம் ஒன்று வேண்டும் என்பதை அவரால் விட்டுவிட முடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சடங்குகளை வடிகட்டி எறிந்தவரிடத்தும் பள்ளி ஆசிரியர் மட்டும் எஞ்சி நின்றார்.

1839-இல் பழைய நோய் மறுபடி அவரை வீழ்த்தியது. மருத்துவரின் ஆலோசனைப்படி ஐரோப்பாவில் பயணம் செய்தார். 1840 ஏப்ரல் 5-ஆம் தேதி இரவு, நேப்பிள்ஸிலிருந்து லிவோர்னோவுக்குச் சென்ற நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாண்டார். இரண்டு மாதங்களுக்குப் பின் அவருடைய உடல் அன்ஸியோ அருகே கரையொதுங்கியது. அங்கே கடற்கரையிலேயே புதைத்தார்கள். ரசல் இதை நீட்டாமல் சொல்லி முடிக்கிறார். அந்த ஒரிடத்தில் அவருடைய எழுத்து தந்தையின் தர்க்க நூல்கள் எவற்றையும்விட உயர்ந்து நிற்கிறது.

இந்நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவோர் பியர்சால் குடும்ப வழிமுறையிலேயே களைத்துவிடுவர். நம் மாணவர்களுக்குக் கூறுவது இது: ஜேம்ஸ் மார்ட்டினோவின் கடிதத்திலிருந்து தொடங்குக, பின்பு ஹாரியட்டின் தன்வரலாற்றில் அவரைப் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு, அக்கடிதத்தை மறுபடியும் ஒருமுறை படிக்க. அதன்பின் கார்ப்பென்டரின் கடிதங்களுக்கு வரலாம். மகீக்கு எழுதிய மறுப்பைக் கடைசிவரை திறக்காவிட்டாலும் குற்றமில்லை.